வயதான பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது, உடம்பும் இளைக்கிறது

இரவுவிளக்கு:

வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவன் சாம்பு, 11 வயது, கருத்தடை செய்த ஆண், வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் குண்டு. இளையவளுக்கு 3 வயது, அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றரை மாதமாக சாம்பு தண்ணீர் குடிப்பது கூடிக்கொண்டே போகிறது. முதலில் நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் இத்தனை வருடமும் இவனைத் தண்ணீர் குடிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், கிண்ணத்தை மாற்றி, இடத்தை மாற்றி, கடைசியில் மோட்டார் வைத்த நீரூற்று வரை வாங்கி வைத்தவள் நான். இப்போது யாரும் சொல்லாமலே குடிக்கிறான். குளியலறைத் தரையில் தேங்கியிருப்பதைக்கூட விடுவதில்லை. லிட்டர் பாக்ஸில் மண் கட்டிகள் முன்பைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்கின்றன.

சாப்பாடு குறையவில்லை. குறையாதது மட்டுமில்லை, இளையவளின் தட்டையும் காலி செய்கிறான். ஆனால் முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்படுகிறது, இது புதிது. நாலு மாதத்துக்கு முன் கழுத்தில் அரிப்பு வந்து ஒரு ஊசி போட்டோம், சரியாகிவிட்டது, அது தவிர மருத்துவரிடம் போகும்படி எதுவும் வந்ததில்லை.

வீட்டில் ஒருவர் வெயில் என்கிறார், இன்னொருவர் வயசு என்கிறார். இரண்டு ராத்திரி லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போய்விட்டான், அதனால் இரவில் தண்ணீரை எடுத்து வைத்துவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. இணையத்தில் தேடினால் எல்லாமே கிட்னி, கிட்னி என்றுதான் வருகிறது, படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது. கூண்டைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடுகிற ஆளை இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்? என்ன சோதனை கேட்க வேண்டும்?


நாலுகால்நண்பன்:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். இரவிலும் சரி, பகலிலும் சரி.

அவன் நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறான் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீர் நிற்காமல் வெளியே போகிறது, அதை ஈடுகட்டத்தான் அவன் ஓடி ஓடிக் குடிக்கிறான். கிண்ணத்தை எடுத்தால் போவது நிற்காது, குடிப்பது மட்டும் நிற்கும், ஒரே இரவில் உடம்பு வறண்டு நிலைமை மோசமாகிவிடும். லிட்டர் பாக்ஸ் பிரச்சினைக்கு இன்னொரு பாக்ஸ் வையுங்கள், அவ்வளவுதான். பாவம், அவசரத்தில் ஓடி வந்து நிரம்பிய பாக்ஸைப் பார்த்தால் அவன் என்ன செய்வான்.

அடுத்தது, அளந்து பாருங்கள். "நிறையக் குடிக்கிறான்" என்று சொன்னால் மருத்துவர் தலையாட்டுவார், "24 மணி நேரத்தில் இத்தனை மில்லி" என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு பூனை இருப்பதால் சாம்புவை ஒரு நாள் ஒரே அறையில் தனியாக வையுங்கள், லிட்டர் பாக்ஸ், சாப்பாடு, படுக்கை எல்லாம் உள்ளேயே. அளந்து தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஆவியாகிப் போவதைக் கண்டுபிடிக்க அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி அவனுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் சரியான கணக்கு கிடைக்கும். பூனை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் காரணம் தேட வேண்டும், 100-ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். டிரை ஃபுட் மட்டும் தின்கிற பூனை இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அதில் ஈரம் 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

எடையும் பாருங்கள். அவனைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி உங்கள் எடையைக் கழிக்கிற வழி எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் 200, 300 கிராம் இங்கே அங்கே போய்விடும், பூனைக்கு அது பெரிய வித்தியாசம். பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற கொக்கித் தராசு இருந்தால் கூண்டோடு தூக்கிப் பாருங்கள், பிறகு வெறும் கூண்டை. கொஞ்சம் அசைவான், திட்டுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரு நாளில் முடித்துவிட்டு இந்த வாரமே போய்விடுங்கள். நடுவில் அவன் சாப்பிடுவதை நிறுத்தினாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து ஒதுங்கினாலோ அளப்பதெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.


வெள்ளைமீசை:

இவ்வளவு பயப்பட வேண்டாமே. எங்கள் வீட்டுப் பூனையும் வெயில் காலத்தில் இப்படித்தான் குடிக்கும், மழை வந்தால் நின்றுவிடும். ரொம்ப யோசித்தால் நமக்குத்தான் வியாதி வரும்.


நாலுகால்நண்பன்:

வெள்ளைமீசை, உங்கள் பூனை இளைத்ததா? வெயிலில் கொஞ்சம் கூடக் குடிப்பது சரி. இரண்டு தட்டுச் சாப்பாடு தின்றுவிட்டு எலும்பு தெரிகிற அளவுக்கு எந்த வெயிலும் இளைக்க வைக்காது. என் முதல் பூனை விஷயத்தில் நானும் இதே வெயில் கதையைச் சொல்லித்தான் மூன்று மாதத்தை வீணாக்கினேன், அதனால்தான் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.


சோதனைக்குழாய்:

கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயதான பூனை நிறையக் குடித்து, நிறையப் போய், இளைத்தால் எங்கள் மேஜைக்கு வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்று: சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு. இணையம் உங்களைக் கிட்னி கிட்னி என்று பயமுறுத்தியது பொய்யில்லை, வயதான பூனைகளுக்கு அது சகஜம்தான். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பசி. சிறுநீரகம் கெட்ட பூனை பொதுவாகச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அடுத்தவள் தட்டையும் காலி செய்துவிட்டு இளைக்கிறது என்றால் சர்க்கரை அல்லது தைராய்டு பக்கம்தான் முதலில் பார்வை போகும். நிச்சயம் என்று சொல்லவில்லை, இரண்டு நோய் சேர்ந்து வருகிற பூனைகளும் உண்டு.

கேட்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) உள்ளிட்ட ரத்த வேதியியல், டி4 என்கிற தைராய்டு அளவு, சிறுநீர்ச் சோதனை. இதில் ஆட்கள் விட்டுவிடுவது சிறுநீரைத்தான். தயவுசெய்து விடாதீர்கள். கிரியேட்டினின் மட்டும் பார்த்து கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் அது மேலே ஏறும். சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது அதற்கு முன்பே கதை சொல்லும். எஸ்டிஎம்ஏ என்று ஒரு சோதனை இருக்கிறது, அதுவும் கிரியேட்டினினுக்கு முன்பாகவே ஏறக்கூடியது.

சர்க்கரை விஷயத்தில் பூனைகளிடம் ஒரு வம்பு உண்டு. கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, ஊசி குத்துவதற்குள் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை எகிறிவிடும், டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவதுகூட உண்டு. அதனால் ஒரே ஒரு ரத்த எண்ணை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். ஃப்ரக்டோசமைன் என்ற சோதனை முந்தைய இரண்டு வாரச் சராசரியைக் காட்டும், ஒரு நாள் பயம் அதை அசைக்காது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) இருக்கிறதா என்பதும் அதோடு சேர வேண்டும். கீட்டோன் இருந்தால் அது அவசர நிலை.

வயதான பூனை என்பதால் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். காலில் சுற்றுகிற சின்னப் பட்டைதான், வலிக்காது. அழுத்தம் கூடி விழித்திரை பிய்ந்து ஒரே நாளில் கண் தெரியாமல் போன பூனைகள் உண்டு.

கடைசியாக ஒன்று. அந்த அரிப்பு ஊசி என்ன மருந்து?


இரவுவிளக்கு:

அளந்துவிட்டேன். 500 மில்லி ஊற்றினேன், மிச்சம் 120, எட்டாத கிண்ணத்தில் 10 மில்லி ஆவியாகியிருந்தது. ஆக 370 மில்லி குடித்திருக்கிறான். கொக்கித் தராசில் எடை 4.6 கிலோ. கிலோவுக்கு 80 மில்லி வருகிறது. பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன், போன வருடம் 6.1 கிலோ. கால்வாசி ஆள் காணாமல் போயிருக்கிறான், தினமும் பார்த்துக்கொண்டே இருந்த எனக்குத் தெரியவில்லை. மடியில் படுத்தால் முன்பு கால் மரத்துப்போகும், இப்போது மரத்துப்போவதில்லை என்பதைக்கூட இன்றைக்குத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஊசி என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்கிறேன். நாளை மறுநாள் நேரம் வாங்கியிருக்கிறேன். இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, நீங்கள் சொன்ன சோதனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாதம் கையில் அவ்வளவு இல்லை.


கணக்குப்பிள்ளை:

கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "என்னால் இவ்வளவுதான் முடியும், எந்தச் சோதனையை முதலில் செய்யலாம்?" இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பது நல்லது. எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், கட்டாயம் எது, பிறகு செய்யலாம் என்பது எது என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பட்டைச் சோதனையும் ரத்தத்துளிச் சர்க்கரையும் இருப்பதிலேயே மலிவானவை, சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதிலேயே பாதை தெரிந்துவிட்டால் மீதியை அதற்கேற்பச் செய்யலாம்.

காப்பீடு எடுத்துவிட்டுப் போகலாமா என்று யோசித்தால், வேண்டாம். அறிகுறி தொடங்கிய பிறகு எடுக்கிற காப்பீடு பொதுவாக அந்த நோய்க்குச் செல்லாது. மறைத்து எடுத்தால் மருத்துவக் குறிப்பில் தேதியோடு இருக்கும், மொத்த உரிமைக்கோரிக்கையும் தள்ளுபடி. இளையவளுக்கு வேண்டுமானால் இப்போது யோசியுங்கள், அவள் ஆரோக்கியமாக இருக்கும்போதே.

ஆயுள் முழுக்க மருந்து என்று வந்தால் முதல் நாள் செலவைவிட மாதாமாதம் என்ன ஆகும் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நானெல்லாம் அதைக் கேட்காமல் வந்து மூன்றாவது மாதம் விழித்தவன்.


இரவுவிளக்கு:

போய் வந்தோம். சர்க்கரை நோய்.

ரத்தச் சர்க்கரை 438, சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது, கீட்டோன் இல்லை. ஃப்ரக்டோசமைன் மறுநாள் வந்தது, அதுவும் அதிகம். தைராய்டு, கிரியேட்டினின், ரத்த அழுத்தம் எல்லாம் சரி. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், சர்க்கரை உள்ள பூனைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வருமாம். அந்த அரிப்பு ஊசி நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டாம், கேட்டதும் இந்த மருத்துவரே ஒரு நொடி பேசாமல் இருந்தார்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை இன்சுலின், 12 மணி நேர இடைவெளி, ஒரு யூனிட்டில் ஆரம்பம். நான் என் வாழ்க்கையில் யாருக்கும் ஊசி போட்டதில்லை. அங்கே செய்து காட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன், இப்போது சிரிஞ்சைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறது. அப்பாவின் குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கிறது, அதையே இவனுக்கும் பயன்படுத்தலாமா? மாத்திரை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அது உண்மையா? அந்த ஊசியைப் போட்டவர்மேல் கோபமாக வருகிறது.


ஊசிமுனை:

நாலரை வருடம் ஒரு பூனைக்குத் தினம் இரண்டு வேளை ஊசி போட்டவன் எழுதுகிறேன். முதல் வாரம் என் கையும் நடுங்கியது. இரண்டாவது மாதம் பல் தேய்த்துக்கொண்டே போட்டேன்.

கையை விடுங்கள், அது பழகிவிடும். முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். இன்சுலின் பாட்டிலில் யூ-40 அல்லது யூ-100 என்று போட்டிருக்கும், ஒரு மில்லியில் 40 யூனிட்டா 100 யூனிட்டா என்பதுதான் அது. சிரிஞ்சிலும் அதே எண் இருக்க வேண்டும். யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் பூனைக்குள் போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். உங்கள் அப்பாவுக்கு இன்சுலின் உண்டா? உண்டென்றால் அவர் சிரிஞ்சும் சாம்புவின் சிரிஞ்சும் ஒரே டப்பாவில் இருக்கவே கூடாது. நான் ஒருமுறை மாற்றி எடுத்து, குத்துவதற்கு ஒரு நொடி முன்னால் மூடியின் நிறத்தைப் பார்த்துத் தப்பித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வியர்க்கிறது.

பாட்டிலைக் குலுக்குவதா உருட்டுவதா என்பது இன்சுலினுக்கு இன்சுலின் வேறுபடும், பெட்டியில் உள்ள தாள் சொல்வதுதான் சரி, இணையத்தில் யாரோ சொல்வது சரியில்லை, நான் உட்பட.

குத்தும் இடம் பிடரியாகவே இருக்க வேண்டியதில்லை, விலாப் பக்கத் தளர்ந்த தோலையும் கூடாரம் மாதிரி இழுத்துப் போடலாம். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். சாப்பாட்டில் தலை கவிழ்ந்திருக்கும்போது போட்டால் பாதிப் பூனைகளுக்குத் தெரிவதே இல்லை. சில நாள் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் போய்விடும், தொட்டால் ஈரமாக இருக்கும், ஒரு மாதிரி மருந்து வாசனை வரும். அப்போது உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாது. இன்னொரு ஊசி போடத் தோன்றும், போடாதீர்கள். அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு பேர் ஊசி போட்டால் யார் போட்டது என்று எழுதி ஒட்டி வையுங்கள், "நீ போட்டாயா நான் போட்டேனா" என்று குழப்பம் வந்தால் பதில் எப்போதும் "போட வேண்டாம்". ஒரு வேளை சர்க்கரை கூடியிருந்தால் பூனை சாகாது, இரண்டு வேளை மருந்து ஒன்றாகப் போனால் செத்துப்போகலாம்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். திடீர் வெறிப்பசி, தள்ளாட்டம், சூனியத்தைப் பார்ப்பது போன்ற பார்வை, பிறகு வலிப்பு. நினைவோடு இருந்தால் உடனே சாப்பாடு. சாப்பிட முடியாத நிலை என்றால் குளுக்கோஸ் கரைசலோ தேனோ ஈறில் தடவுங்கள், வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், எழுந்து நடந்துவிட்டான் என்று பாதி வழியில் திரும்பாதீர்கள். ஊசி நேரத்தில் அவன் சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ, போடுவதா குறைப்பதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சாப்பாடு பெரிய விஷயம். டிரை ஃபுட் உருண்டையாக நிற்பதற்கே மாவுச்சத்து வேண்டும், பூனைக்கோ மாவுச்சத்து தேவையே இல்லை. மாவுச்சத்து குறைந்த வெட் ஃபுட்டுக்கு மாறினால் பல பூனைகளுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கும். இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாற்றிவிடாதீர்கள்! சாப்பாடு மாறினால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மேலே சொன்ன தள்ளாட்டம்தான். மருத்துவரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக, சர்க்கரையை அளந்துகொண்டே மாற்ற வேண்டும். புதுச் சாப்பாடு பிடிக்காமல் பட்டினி கிடந்தால் விட்டுப் பிடிப்போம் என்று இருக்கக் கூடாது, பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து தனி நோயாகிவிடும், அதிலும் குண்டாக இருந்த பூனைக்கு.

நல்ல செய்தியும் இருக்கிறது. நாய்களைப் போல இல்லை, சில பூனைகளுக்கு இன்சுலினே தேவையில்லாத நிலை திரும்பி வரும், முக்கியமாக நோய் தெரிந்த முதல் சில மாதங்களில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால். என்னுடையதற்கு வரவில்லை. ஆனால் அது நாலரை வருடம் நன்றாகத்தான் இருந்தது, சோபாவைக் கிழித்தது, எல்லாம் செய்தது.


சோதனைக்குழாய்:

குளுக்கோமீட்டர் பற்றி. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், சிவப்பணுவுக்குள்ளும் வெளியிலும் சர்க்கரை பிரிந்திருக்கும் விதம் இரண்டு இனத்துக்கும் வேறு. ஏறுகிறதா இறங்குகிறதா என்று போக்கு பார்க்க உதவும். ஒரே மீட்டரையே எப்போதும் பயன்படுத்துங்கள், எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். விலங்குகளுக்கென்றே மீட்டர் உண்டு, முடிந்தால் அது. காது ஓரத்தில் ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாயில் ஒரு துளி போதும், குத்துவதற்கு முன் காதைக் கையால் சூடாக்குங்கள், ரத்தம் எளிதாக வரும். மனிதர்கள் மேல்கையில் ஒட்டுகிற சர்க்கரை அளக்கும் சென்சாரைப் பூனைக்கு முடி மழித்து ஒட்டி செல்போனில் பார்ப்பதும் இப்போது நடக்கிறது, மருத்துவமனையின் பயமில்லாமல் வீட்டு நிலவரம் தெரியும். சில பூனைகள் அதை இரண்டே நாளில் பிய்த்துப் போட்டுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை உண்மைதான். பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, அடுத்த வருடம் வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற வகை. ஆனால் எல்லாப் பூனைக்கும் ஆகாது. ஏற்கெனவே இன்சுலின் போட்டுவரும் பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்த அனுமதியிலேயே இருக்கிறது, தவிர சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் கூடி உயிருக்கு ஆபத்தாகிற வாய்ப்பு உண்டு. இன்சுலினை ஆரம்பித்துவிட்டு நடுவில் மாத்திரைக்குத் தாவுகிற விஷயமில்லை, மருத்துவரிடம் பேச வேண்டும்.

கோபம் புரிகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு பூனைகளில் சர்க்கரையைக் கிளப்பிவிடும் என்பது தெரிந்த விஷயம்தான், போடுவதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதே நேரம் கருத்தடை செய்த ஆண், வயது, பழைய குண்டு உடம்பு, இந்த மூன்றுமே நோய்க்கு ஏற்ற மண். ஊசி மட்டும்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இனி எந்த மருத்துவரிடம் போனாலும் "இவனுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், சர்க்கரை இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். ஊசியின் பெயரையும் தேதியையும் அட்டையில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வகையில் அதில் நம்பிக்கையும் இருக்கிறது, ஸ்டீராய்டு தூண்டிவிட்ட சர்க்கரை அதன் வேகம் அடங்கியதும் நன்றாகக் கட்டுக்குள் வருவதுண்டு.


வெள்ளைமீசை:

வெயில் என்று சொன்னதற்கு மன்னிக்கவும் சகோ. நேற்று என் பூனையையும் எடை பார்த்தேன். கூடியிருக்கிறது, அது வேறு கவலை.


இரவுவிளக்கு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

முதல் ஊசியில் பாதி என் விரலில் போனது. இரண்டாவது முடியில் போனது, ஊசிமுனை சொன்ன அதே வாசனை, மறுபடி போடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த ராத்திரி ரொம்ப நீளம். நாலாவது நாளிலிருந்து சரியாகப் போகிறது. அப்பாவுக்கு மாத்திரை மட்டும்தான், அதனால் சிரிஞ்சுக் குழப்பம் இல்லை, ஆனாலும் சாம்புவின் டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை, போட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் இதைப் பார்த்து வங்கி மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தார்கள், இப்போது அவர்களும் ஒழுங்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வளர்ப்புச் சோதனையில் கிருமி எதுவும் இல்லை. வெட் ஃபுட்டுக்கு மருத்துவரிடம் கேட்டுக் கால்வாசி கால்வாசியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இளையவளுக்குத் தனி அறையில் சாப்பாடு, அதில்தான் அவளுக்கு என்மேல் கோபம். சென்சார் ஒட்டினோம், ஒன்பது நாள் தாங்கியது, பத்தாவது நாள் அலமாரிக்கடியில் கிடந்தது. அந்த ஒன்பது நாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அளவை மாற்ற வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

தண்ணீர் நேற்று அளந்தேன், 210 மில்லி. எடை 4.7. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி மாதச் செலவை எழுதி வாங்கினேன், நினைத்ததைவிடச் சமாளிக்க முடிகிற எண்தான், சிரிஞ்சுதான் எதிர்பார்க்காத செலவு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி தட்டையாக நடக்கிறான், மேசைமேல் தாவுவதற்கு இரண்டு தடவை யோசிக்கிறான். இது வயசா, இதுவும் சர்க்கரையா?


ஊசிமுனை:

சர்க்கரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நரம்பைத் தொட்டிருக்கும். என்னுடையதும் முயல் மாதிரி நடந்தது. சர்க்கரை கட்டுக்குள் வர வர மெதுவாகச் சரியாகும், சில மாதம் பிடிக்கும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஒரு நிமிட வீடியோ எடுத்து அடுத்த வாரம் காட்டுங்கள், அங்கே போனால் மேசையில் பதுங்கிவிடுவான், நடந்து காட்ட மாட்டான். அதுவரை மேசைப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுவிடுங்கள்.


இரவுவிளக்கு:

போட்டாயிற்று. அதில் இளையவள் ஏறிப் படுத்திருக்கிறாள்.